ஜவ்வாதுக்குப் போட்ட ஊசி

கால்நடை டாக்டர் சவரிநாதன் அன்று காலை ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்துக்கு வெளியே, ஜட்கா வண்டி ஸ்டாண்டில் நின்றுகொண்டு கால் மணி நேரம் தொண்டை கிழியச் சொன்னார். அதில் ஜட்காக்காரன் குத்புதீன் காதில் விழுந்தது ஒரே ஒரு சங்கதி. அவன் காது நல்ல காதுதான். இரண்டு தெரு தள்ளி யாராவது வண்டி என்று கூப்பிட்டால் கேட்டுவிடும். ஆனால் அன்றைக்கு அவன் புத்தி முழுக்க டாக்டர் கையில் இருந்த ஊசியின்மேல் இருந்தது.

முப்பத்தாறாம் வருஷம் அது. சித்திரைத் தேருக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜீயபுரம் பக்கம் மாடுகள் அடைப்பான் கண்டு செத்துக்கொண்டிருந்தன. காலையில் நன்றாக அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு மத்தியானம் மூக்கில் ரத்தம் வழியக் கிடக்கும். தேர் பார்க்க அந்தக் கிராமத்து ஜனம் முழுவதும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து இறங்கும். கூடவே சீக்கும் இறங்கும். குதிரைகளையும் அது விடாது. ஆகவே ஜட்கா குதிரை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே தடுப்பு ஊசி போட்டுவிட வேண்டும், ஊசிச் சீட்டு இல்லாத குதிரையைத் தேர் நாட்களில் வண்டியில் பூட்டக் கூடாது என்று முனிசிபாலிட்டியில் தண்டோரா போட்டுவிட்டார்கள். முதலில் ஸ்ரீரங்கம் குதிரைகள் பதினேழு. நாலு நாள் கழித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சிக் கோட்டை ஸ்டாண்டில் நாற்பதுக்கு மேல்.

டாக்டர் சொன்னது இதுதான். ஊசி போட்ட இடம் வீங்கலாம். காய்ச்சல் அடிக்கலாம். இரண்டு நாள் கொள்ளு தின்னாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பயப்பட வேண்டாம். எட்டு நாள் வண்டியில் பூட்டக் கூடாது, ஓட்டக் கூடாது, வெயிலில் நடத்தவும் கூடாது. வீக்கத்தைக் கீறுவது, சூடு போடுவது போன்ற கைவேலை எதுவும் கூடாது. நிழலில் கட்டி, ஈரச்சாக்கு போட்டு, தவிட்டுக் கஞ்சி வையுங்கள். மூன்றாம் நாள் நானே வீடு வீடாக வந்து ஒவ்வொரு குதிரையின் கழுத்தையும் பார்க்கிறேன்.

குத்புதீன் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவனும் அவன் அண்ணனும் கோட்டை ஸ்டாண்டில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, இதே மாதிரி ஒரு டாக்டர் வந்தார். அவர் வேறு டாக்டர், ஊசி இதே மாதிரி. கழுத்தில் இதே இடத்தில் குத்தினார். மூன்றாம் நாள் வந்து பார்க்கிறேன் என்றார். வந்து பார்த்தபோது அண்ணன் குதிரையின் கழுத்து வீங்கியிருந்தது. வீங்கியிருக்கிறது என்று அவர் ஒரு காகிதத்தில் எழுதினார். சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அந்தக் குதிரையைக் காவேரி மணலுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சுட்டார்கள். மூக்குச் சீக்கு என்றார்கள், சட்டம் என்றார்கள். அண்ணனுக்குச் சட்டம் தெரியாது. குத்புதீனுக்கும் தெரியாது. வீங்கினால் சுடுவார்கள் என்ற ஒன்று மட்டும் அவன் மண்டையில் ஆணி அடித்தாற்போல் தங்கிவிட்டது.

இப்போது அவனுடைய பெண் குதிரை ஜவ்வாதின் முறை. ஜவ்வாது என்று அவள் பெயர் வந்தது அவள் வாசனையால் அல்ல. அவள் பக்கத்தில் போய் நின்றால் எவருக்கும் அது விளங்கும். குட்டியாக அவளை வாங்கிவந்த அன்றைக்கு அவன் மனைவி சாரா பீவி வைத்த பெயர் அது. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சவுக்கையே பார்த்தறியாத குதிரை. குத்புதீன் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுப்பான், அவள் கிளம்புவாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவள்தான் அதட்டவும் கொஞ்சவும் இருந்த ஒரே ஜீவன். டாக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்து, நல்ல மிருகம் ராவுத்தரே என்று சொல்லிக்கொண்டே குத்தினார். அவள் காதை ஒருமுறை ஆட்டினாள், அவ்வளவுதான். குத்துப்பட்டவன் மாதிரி நடுங்கியது குத்புதீன்தான்.

மறுநாள் காலை தொழுகை முடித்துக் கொட்டிலுக்குப் போனான். கழுத்தில் தேங்காய் மூடி அளவுக்கு வீக்கம். தொட்டால் சுட்டது. ஜவ்வாது கொள்ளை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குத்புதீனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நேரே பக்கத்து வீட்டு ரசூலிடம் ஓடினான். ரசூலும் ஜட்காக்காரன்தான், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அவன் குதிரை கழுத்தில் ஒரு கொசுக்கடி அளவுக்குக்கூட வீக்கம் இல்லை. வைத்த கொள்ளைத் தின்று முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டுக் காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

ரசூல் நல்லவன். ஆனால் தன் வீட்டில் தீப்பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அடுத்த வீட்டுத் தீயைப் பற்றி ரொம்ப விவரமாகப் பேசுகிற ரகம். உள்ளே சீக்கு இருக்கிற குதிரைக்குத்தான் வீங்கும், ஊசி அதை வெளியே இழுத்துக் காட்டிக்கொடுக்கும், உன் அண்ணன் குதிரைக்கு நடந்தது மறந்துவிட்டதா என்று ஆரம்பித்து, பெருமூச்சு விட்டு, அல்லாஹ்விடம் துஆ கேள் என்று முடித்தான். ஸ்டாண்டில் இருந்த மற்றவர்களும் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பதினேழில் வீங்கியது ஐந்து. அந்த ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள்.

அன்றைக்கு வண்டி இல்லை என்பதால், குத்புதீனின் தினசரிச் சவாரியான பராசரன் வாத்தியார் அவன் வீடு இருந்த மூலத்தோப்பு வரை நடந்தே வந்துவிட்டார். மலைக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி அடித்துச் சொல்வார். ஜவ்வாதின் கழுத்தைக் குனிந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அசடே, இதுக்கா அழறே? என் கொழந்தைக்கு அம்மை குத்தினாளே, கை இப்படித்தான் வீங்கித்து. வீங்கினாத்தான் மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். வீங்கலைன்னா பிடிக்கலை. மறுபடி குத்துவா."

குத்புதீன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வீங்கினால் நல்லது. வீங்காவிட்டால்தான் ஆபத்து. அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. வாத்தியார் போனதும் ஜவ்வாதின் முகத்தைக் கட்டிக்கொண்டு ஒரு முத்தம் கொடுத்தான். பிறகு, பழி வாங்குகிற சந்தோஷம் எப்படிப்பட்டவனையும் கொஞ்சம் கெடுக்கும் இல்லையா, ரசூல் வீட்டுக்குப் போய், உன் குதிரைக்கு மருந்து பிடிக்கவில்லையாம், பாவம், அடைப்பான் வந்தால் முதலில் அதுதானாம் என்று ரொம்ப வருத்தமாகச் சொன்னான்.

ரசூல் வெளுத்துப் போனான். இருவரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். ஒருவன் குதிரை பிழைத்தால் இன்னொருவன் குதிரை செத்தாக வேண்டும் என்கிற கணக்கில் அந்தச் சண்டை நடந்தது. கடைசியில், டாக்டரையே கேட்டுவிடலாம் என்று கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது மாடுகள் கட்டியிருந்தன. டாக்டர் சவரிநாதன் முழங்கை வரை ரத்தமும் சாணியுமாக, ஒரு பசுவின் பின்னால் நின்றுகொண்டு கன்றை இழுத்துக்கொண்டிருந்தார். குத்புதீன் தன் குதிரைக்கு வீங்கியிருப்பதைச் சொன்னான். அது நல்லதுதான் என்றார். ரசூல் தன் குதிரைக்கு வீங்கவில்லை என்பதைச் சொன்னான். அதுவும் நல்லதுதான் என்றார். இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், நிழலில் கட்டுங்கள், ஓட்டாதீர்கள், மூன்றாம் நாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கன்றின் காலைப் பிடித்து இழுத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கன்றுக்கு அப்போது அவரை விட்டால் ஆள் இல்லை.

ரசூலுக்கு அது போதுமாக இருந்தது. இரண்டும் நல்லது என்றால் தன்னுடையதும் நல்லது, அதற்கு மேல் அவன் மண்டையைக் குழப்பிக்கொள்கிற ஆள் இல்லை. குத்புதீனுக்குத்தான் தலை சுற்றியது. வழி முழுக்க அதையே உருட்டினான். வீங்கினாலும் நல்லது, வீங்காவிட்டாலும் நல்லது. சரி. அப்படியானால் மூன்றாம் நாள் எதற்காக வர வேண்டும்? எது இருந்தாலும் நல்லது என்கிறவர் வந்து எதைப் பார்க்கப் போகிறார்? இரண்டில் ஒன்று கெட்டதாக இருந்தால்தானே பார்க்க வேண்டும்? சொல்லிவிட்டால் ஆளாளுக்குக் குதிரையை ஒளித்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்தவரும் சிரித்துக்கொண்டேதான் குத்தினார்.

இதைச் சாரா பீவியிடம் சொன்னான். அவள் அப்போது கிணற்றில் நனைத்த சாக்கை ஜவ்வாதின் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதில் பாதியையாவது பக்கத்து வீட்டுக்காரி மூலம் அவள் தெரிந்து வைத்திருந்தாள்.

"இந்தக் கேள்வியை என்கிட்ட ஏன் கேக்குறீங்க? எதுக்கு வர்றீங்கன்னு அவரையே கேட்டா என்ன?" என்றாள்.

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சுடப் போகிறீர்களா என்று ஒருவரைக் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அவனுக்குப் பயம். கேட்காமல் இருக்கும்வரை இல்லை என்று நினைத்துக்கொள்ள ஒரு இடம் இருக்கிறதே. இரண்டாம் நாள் வீக்கம் தேங்காய் மூடியிலிருந்து முழுத் தேங்காய் ஆயிற்று. அடிக்கழுத்து வரை இறங்கியது. ஜவ்வாது கஞ்சியில் மூக்கை வைத்து ஊதிவிட்டு நின்றாள். அன்று முழுக்க அவன் ஒரு நாழிகை வாத்தியாரை நம்பினான், ஒரு நாழிகை ரசூலை நம்பினான், ஒரு நாழிகை டாக்டரை நம்பினான். மூன்று பேரும் அவன் மண்டைக்குள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் விடிந்தது. குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் ஜவ்வாதை அவிழ்த்தான். காய்ச்சலில் எதற்குக் குளிப்பாட்டு என்று சாரா பீவி கேட்டாள். கொள்ளிடத்துத் தண்ணீர் நல்லது என்று ஏதோ உளறினான். அவன் கணக்கு வேறு. கொள்ளிடத்தைத் தாண்டினால் மண்ணச்சநல்லூரில் சாரா பீவியின் தம்பி வீடு இருக்கிறது. வீக்கம் வடிகிறவரை அங்கே கட்டி வைப்பது. டாக்டர் வந்தால் குதிரை இல்லை. இல்லாத குதிரையின் கழுத்தை அவர் எப்படிப் பார்ப்பார்?

கொள்ளிடப் பாலத்து வழியாகப் போக முடியாது. மாட்டுச் சீக்குக்காக அங்கே ஒரு முனிசிபாலிட்டிச் சேவகன் நின்று, கால்நடை எதையும் தாண்ட விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். ஆகவே மணல் வழி. சித்திரை மாதத்துக் கொள்ளிடம் முக்கால்வாசி வெறும் மணல். அக்கரை ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும். சாதாரண நாளில் ஜவ்வாது அந்த மணலை அரை மணியில் தாண்டிவிடுவாள்.

முதல் கால்வாசி தூரம் நன்றாகத்தான் நடந்தாள். அவன் நாக்கை மடித்துச் சத்தம் கொடுத்தான், அவள் வந்தாள். அதுதான் அவனுக்கு அப்புறம் தாங்கவில்லை. கூப்பிட்டதும் வந்தாள். மணலில் குளம்பு புதையப் புதைய, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க, அவன் கூப்பிட்டான் என்பதற்காகப் பின்னாலேயே வந்தாள். வெயில் ஏறியது. நடு மணலில் நின்றாள். அவன் சத்தம் கொடுத்தான். ஒரு அடி எடுத்து வைத்தாள். மறுபடி சத்தம் கொடுத்தான். அவள் முன்னங்காலை மடித்து உட்கார்ந்து, பக்கவாட்டில் சரிந்தாள்.

சற்றுத் தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த காளியாயி என்ற பெண்பிள்ளை அவன் போட்ட கூச்சலைக் கேட்டு ஓடிவந்தாள். இடுப்புக் குடத்துத் தண்ணீரைக் குதிரையின் தலையில் ஊற்றினாள். குடத்தை அவனிடமே விட்டுவிட்டுக் கரைக்கு ஆள் கூப்பிடப் போனாள். குத்புதீன் தலைத்துண்டை நனைத்து வீக்கத்தின்மேல் போட்டான். தன் நிழல் அவள் முகத்தில் விழுகிற மாதிரி மாறி மாறி நின்றான். ஒரு மனுஷனின் நிழல் ஒரு குதிரைக்கு எங்கே போதும்?

காளியாயி கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அங்கே சைக்கிளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போயிருக்கிறார். சாரா பீவி கொள்ளிடம் என்று சொல்லியிருக்கிறாள். சைக்கிளைக் கரையில் போட்டுவிட்டு, தோல் பையைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடிவந்தார். அவர் வருவதைக் கண்டதும் குத்புதீன் எழுந்து, குதிரைக்கும் அவருக்கும் நடுவில் நின்றான். அவர் பையின் பூட்டைத் திறந்தார்.

"சுடப் போறீங்களா டாக்டரய்யா?"

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. "எதுக்குச் சுடணும்?" என்று கேட்டு, அவன் முகத்தைப் பார்த்து, பதில் வருவதற்குள் அவனை விலக்கிவிட்டு முழங்காலிட்டார். பையிலிருந்து காய்ச்சல் குழாயை எடுத்து வைத்துப் பார்த்தார். அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டார். பையைக் கவிழ்த்துக்கொட்டி, அதைக் குடை மாதிரி அவள் கண்ணுக்கு மேலே பிடிக்கச் சொல்லி அவனிடம் கொடுத்தார். தன் கோட்டைக் கழற்றிக் குடத்துத் தண்ணீரில் நனைத்து அவள் வயிற்றின்மேல் விரித்தார். அப்புறம்தான் அவனைப் பேச விட்டார். குத்புதீன் பதினோரு வருஷத்துக் கதையை மூச்சு விடாமல் கொட்டினான்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஊசி குதிரைக்குள்ளே சீக்கு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற ஊசி, அதனால் வீங்கினால் கெட்டது. இந்த ஊசி வேறொரு சீக்கு வராமல் தடுக்கிற ஊசி, வீக்கம் அதோடு கூட வருகிற தொல்லை, சில குதிரைக்கு வரும், சிலதுக்கு வராது. இரண்டையும் ஒன்றென்று யாராவது நினைப்பார்கள் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார். தோன்றியிருக்க வேண்டும் என்று கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். மூன்றாம் நாள் ஏன் வந்தீர்கள் என்று குத்புதீன் கேட்டான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், இங்கே வந்து கேட்டான். வீக்கமும் காய்ச்சலும் எவ்வளவு என்று அளந்து எழுதத்தான். கோட்டைக் குதிரைகளுக்கு மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இவ்வளவு சின்ன விஷயத்துக்காகத் தான் செய்து வைத்ததை நினைத்து அவன் நெற்றியில் அறைந்துகொண்டான்.

"பிழைச்சுக்குவாளா?"

நூற்றாறு டிகிரி அடிக்கிறது என்றார் டாக்டர். பிறகு அவன் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

"தெரியலை ராவுத்தரே. நிஜமாவே தெரியலை."

மூன்று நாளாக எல்லோரும் அவனிடம் தெரியும் தெரியும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரசூலுக்குத் தெரிந்திருந்தது. வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது. தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். இவரை நம்பலாம் என்று குத்புதீனுக்கு அப்போது தோன்றியது. அவர் சொன்னதையெல்லாம் செய்தான். ஊற்றுக்கும் குதிரைக்குமாகக் குடத்தோடு ஓடினான். காளியாயி கொண்டுவந்த ஓலைகளை மணலில் நட்டு நிழல் கட்டினான். டாக்டர் ஒரு மருந்தைக் கரைத்து, அவள் உதட்டைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பாதி உள்ளே போயிற்று, பாதி மணலில் போயிற்று. ஒரு முறை ஜவ்வாது தலையைத் தூக்கினாள். குத்புதீன் நாக்கை மடிக்கப் போனான். டாக்டர் அவன் வாயைப் பொத்தினார்.

"கூப்பிடாதீங்க. எழுந்திரிக்கப் பார்ப்பா."

அவன் கூப்பிடவில்லை. அவள் தலையை அவன் மடியில் வைத்துக்கொண்டாள். உச்சிப்பொழுது தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. குத்புதீன் அதற்கப்புறமும் வெகு நேரம் துண்டை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அப்போது அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை, வாய்விட்டு, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதான். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது?

கரையிலிருந்து மணல்தடம் வழியாக ஒரு ஜட்கா வந்தது. ரசூலும், ஸ்டாண்டைச் சேர்ந்த மூன்று பேரும். செய்தி அதற்குள் பரவியிருந்தது. வண்டி புதைகிற இடம் வரை வந்து, குதித்து ஓடிவந்தார்கள். ஜவ்வாதைப் பார்த்ததும் ரசூல் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அதில் பொய் இல்லை. பிறகு எழுந்து டாக்டரின் முகத்துக்கு நேரே போய் நின்றான்.

ஊசிதானே, என்றான். நன்றாக இருந்த குதிரையை ஊசி போட்டுக் கொன்றாயிற்று. நாளைக்குக் கோட்டை ஸ்டாண்டில் நாற்பது குதிரைக்குப் போடப் போகிறார்களாம். ஒரு குதிரையைக்கூடக் காட்ட மாட்டோம், இப்போதே காவேரிப் பாலம் தாண்டிப் போய் எல்லோருக்கும் சொல்லப் போகிறோம். டாக்டர் ஈரக் கோட்டைக் கையில் பிழிந்துகொண்டு நின்றார். ரசூல் குத்புதீன் பக்கம் திரும்பினான்.

"நீயே சொல்லு மச்சான். ஊசிதானே?"

நாலு பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் பாரம் முழுவதும் டாக்டர் தலைக்குப் போய்விடும். அவன் வெறுமனே குதிரையைப் பறிகொடுத்தவனாக வீட்டுக்குப் போகலாம். சாரா பீவியிடமும் அதையே சொல்லலாம். பொய் என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாதே. நிழலில் கட்டி வைத்திருந்தாலும் செத்திருப்பாளோ என்னவோ. அவனுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றிச் சுட்டியில் மணல் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டான்.

"ஊசியான்னு எனக்குத் தெரியாது ரசூல். தெரிஞ்சதைச் சொல்றேன். நடத்தாதேன்னு அவர் சொன்னாரு. நான் நடத்தினேன். காய்ச்சலோட இருந்தவளை வெயில்ல, மணல்ல, இவ்வளவு தூரம் நான்தான் நடத்திக் கூட்டிட்டு வந்தேன். இதைக் கோட்டையில போய்ச் சொல்லு."

சீக்குக் காலத்தில் செத்த மிருகத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகக் கூடாது, ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்ட வேண்டும் என்றார் டாக்டர். காளியாயி அழைத்து வந்த நாலைந்து பேரோடு சேர்ந்து எல்லோரும் தோண்டினார்கள். மணல் தோண்டத் தோண்டச் சரிந்தது. ரசூல்தான் பள்ளத்துக்குள் இறங்கிக் கடைசிவரை வாரிப் போட்டான். மூடி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது.

ரசூல் வண்டியைத் திருப்பப் போனான். கொஞ்சம் படுத்துக்கொண்டு வா மச்சான் என்று குத்புதீனுக்கு உள்ளே துணி விரித்தான். குத்புதீன் வண்டியில் ஏறவில்லை. ரசூலின் குதிரை பூட்டியபடியே நின்றது. அதுவும் மூன்று நாள் முன்பு ஊசி போட்டுக்கொண்ட குதிரை. நாலு பேரை இழுத்துக்கொண்டு மணலில் ஓடிவந்து, வாயோரம் நுரை காய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதை இத்தனை நேரம் ஒருவரும் கவனிக்கவில்லை. குத்புதீன் போய் அதன் மார்பில் கை வைத்துப் பார்த்தான். வயிற்றுப் பட்டையைத் தளர்த்தினான், கழுத்துப் பட்டையைக் கழற்றினான், வண்டியின் ஏர்க்காலைத் தூக்கிக் குதிரையை வெளியே விட்டான்.

"இதுக்குத்தான் வீங்கவே இல்லையே," என்றான் ரசூல். ஆனால் குரலில் சுருதி இல்லை.

"வீங்கலைன்னாலும் எட்டு நாள்தான்."

சொல்லிவிட்டுக் குத்புதீன் ஏர்க்கால்களுக்கு நடுவில் புகுந்து, இரண்டையும் இரண்டு கையில் பிடித்தான். மற்ற மூன்று பேரும் சக்கரத்துக்கு ஒருவராகவும் பக்கத்தில் ஒருவராகவும் கை கொடுத்தார்கள். டாக்டர் தன் பையை வண்டிக்குள் போட்டுவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினார். மணலை விட்டு ரோட்டில் ஏறியபோது, தேருக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போன மாட்டு வண்டிக்காரர்கள் நிறுத்திப் பார்த்துச் சிரித்தார்கள். குதிரை சும்மா நடக்க, மனுஷர்கள் ஜட்கா இழுத்துக்கொண்டு போனால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். குத்புதீன் எவருக்கும் பதில் சொல்லவில்லை. பின்னால் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்த ரசூலிடம் மட்டும், மெதுவாக நட, மரத்தடி வந்தால் நிறுத்து, தண்ணீர் காட்டு என்று வீடு வந்து சேர்கிறவரை திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே வந்தான்.